அனாதை இல்லத்துக்கு அம்மாக்கள் வரும் நாள்

வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்ய வருகிறவர்களுக்குத் தொண்டு செய்வது என்று ஒரு வேலை இருக்கிறது. அதற்குச் சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு, திட்டு மூன்று மொழியிலும் உண்டு.

திருவனந்தபுரத்தின் ஓரத்தில் ஒரு குழந்தைகள் இல்லம். பெயர்ப்பலகையில் 'அனாதை இல்லம்' என்று இருக்கும். உள்ளே பாதிக்கு மேல் தமிழ்ப் பிள்ளைகள். பொன்முடித் தேயிலை எஸ்டேட்டின் லயன் வீடுகளிலிருந்து வந்தவர்கள், கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். வருஷத்துக்கு ஒரு முறை கனடாவிலிருந்து எட்டுப் பேர் கொண்ட குழு வந்து இரண்டு வாரம் தங்கும். அவர்கள் பேசுவது பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும், பிள்ளைகள் பேசுவது அவர்களுக்குப் புரிய வேண்டும். வலியசாலையிலிருந்து பஸ் ஏறிப் போய் அந்த நடுவில் நிற்பவள் நான்; இல்லத்தில் எல்லோருக்கும் 'டீச்சர்'. யாருக்காவது இப்படி நடுவில் நின்று பேசிக் கொடுத்து, இரண்டு பக்கத்திலும் முறைப்பு வாங்கியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். என் கஷ்டம் அவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

சுவருக்கு வந்த யோகம்

குழு வந்து இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "நாங்கள் என்ன வேலை செய்யலாம்?" பதில் எப்போதும் தயார்: சாப்பாட்டு அறைச் சுவர். ஒரு வருஷம் அதில் ஒட்டகச்சிவிங்கி வரைந்தார்கள். அடுத்த வருஷம் வானவில். அதற்கடுத்த வருஷம் கடலும் திமிங்கிலமும். ஒவ்வொரு குழு வருவதற்கும் ஒரு வாரம் முன்னால் மேனேஜர் வில்சன் சார் ஆள் வைத்து அந்தச் சுவருக்கு வெள்ளையடித்துவிடுவார். வருகிறவர்களுக்கு வரைய இடம் வேண்டுமே!

போன வருஷம் யானை. குழுவின் தலைவி மார்கரெட், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ், நல்ல மனுஷி, ஏணியில் நின்று முறம் முறமாகக் காது வரைந்துகொண்டிருந்தார். கோயில் உற்சவத்தில் வருஷா வருஷம் யானை பார்க்கிற பிள்ளைகள் கீழே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காது பெரிசு என்று ஒருவரும் சொல்லவில்லை. பிடித்திருக்கிறதா, வேறு ஏதாவது வேண்டுமா என்று பிள்ளைகளைக் கேட்கச் சொன்னார் மார்கரெட். கேட்டேன். பன்னிரண்டு வயசு இசக்கி எழுந்து நின்றாள். பொன்முடிப் பிள்ளை. எதையும் எழுந்து நின்றுதான் சொல்வாள்.

"சுவரு நல்லாத்தான் இருக்கு டீச்சர். குளிமுறியில பைப்புதான் ஒரு மாசமா வேல செய்யல. ஏணி இருக்கும்போதே அதையும் பாத்துரச் சொல்லுங்க."

தெரியாத பாட்டு

கையைத் தட்டி, தோளைத் தட்டி, வட்டமாகச் சுற்றி வந்து பாடுகிற ஓர் இங்கிலீஷ் பாட்டு இருக்கிறது. எந்தக் குழு வந்தாலும் அதைத்தான் சொல்லித் தரும். மூன்று வருஷமாக இருக்கிற பிள்ளைகள் அதைத் தூக்கத்தில் பாடுவார்கள். ஆனாலும் முதல் நாள் எல்லோரும் தப்புத் தப்பாகக் கை தட்டினார்கள். இரண்டாம் நாள் பாதி சரியானது. மூன்றாம் நாள் ஒரு பிசகில்லாமல் பாடி முடித்தபோது, குழுவில் இரண்டு பேருக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "இந்தப் பாட்டு இவர்களுக்கு..." என்று மார்கரெட்டிடம் ஆரம்பித்தேன். இசக்கி என் செருப்பை ஓங்கி மிதித்தாள். பிறகு தனியாக இழுத்துப் போய் நியாயம் கேட்டேன்.

"முதல் நாளே சரியாப் பாடிட்டோம்னு வைங்க, உடனே வேற பாட்டு எடுப்பாங்க. அதுக்கெல்லாம் யாருக்கு டீச்சர் சமயம் இருக்கு? திங்கக்கிழமை எனக்குக் கணக்குப் பரீட்சை."

நான் சொல்லாமல் விட்டது

ஊருக்குத் திரும்பியதும் ஒரு சின்னப் புத்தகம் போடப் போவதாகச் சொன்னார் மார்கரெட். ஒவ்வொரு பிள்ளையும் தன் கதையைச் சொல்ல வேண்டும், நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும், அவர் எழுதிக்கொள்வார். உட்காருவதற்கு முன் வில்சன் சார் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அவர் பாறசாலைக்காரர், தமிழும் மலையாளமும் சேர்ந்துதான் வரும். "அம்மா, அப்பா இருக்கிற பாகம் மட்டும் விட்டுருங்க டீச்சர், கேட்டோ. அவங்களுக்கு அது வேண்டாம்" என்றார். தலையாட்டினேன். ஆம், நான்தான் ஆட்டினேன்.

இசக்கி எழுந்து நின்று சொன்னாள்: "எங்க அப்பா இறந்துட்டாரு. எங்க அம்மா பேரு வேலம்மாள், பொன்முடியில கொழுந்து பறிக்கா. பெரிய ஸ்கூலுக்குப் போக அங்க பஸ் சரியில்ல. அதான் என்னை இங்க விட்டிருக்கா. ரெண்டாம் சனிக்கிழமைதோறும் வருவா." நான் மார்கரெட்டிடம் சொன்னது: "இவளுக்கு அப்பா இல்லை. மலைப் பக்கத்துப் பிள்ளை. படிப்பதற்காக இங்கே இருக்கிறாள்." ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மார்கரெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை அணைத்துக்கொண்டார். அந்தத் தோளுக்கு மேலே முகத்தை வைத்து இசக்கி என்னையே பார்த்தாள்.

"அம்மாவை எங்க டீச்சர் விட்டீங்க? 'மதர்'னு ஒரு வார்த்தை வரும்னு காது கொடுத்துட்டே இருந்தேன், வரவே இல்லையே."

அடுத்த மாசம் பார்க்கலாம்

குழுவின் வழியனுப்பு விழா இரண்டாம் சனிக்கிழமை அன்று வந்தது. அன்றுதான் பெற்றோர் பார்க்க வரும் நாள். வில்சன் சார் பெற்றோர் நாளை ரத்து செய்துவிட்டார். யாரும் வரவேண்டாம் என்று எஸ்டேட் டீக்கடைக்கும் வேலையிடங்களுக்கும் சொல்லி அனுப்பியாகிவிட்டது. போன மாசமும் வேறு ஏதோ விழாவுக்காக இப்படித்தான் ஆகியிருந்தது. இசக்கி அம்மாவைப் பார்த்து இரண்டு மாசம். அவள் என் கையைப் பிடித்து ஆபீசுக்கு இழுத்துப் போனாள்.

"ஒரு மாசம்தானே மோளே, அடுத்த தடவை பாக்கலாம்" என்றார் வில்சன் சார். இசக்கி நகரவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். "டீச்சருக்காவது தெரியணும். அம்மா இருக்குன்னு தெரிஞ்சா, பின்னே அம்மாவே பாக்கட்டும்னு இவங்க போயிருவாங்க. பிள்ளைங்க சாப்பாட்டுக்கு நான் எங்க போக? இதுல நான் என் வீட்டுக்கு என்ன கொண்டு போறேன்?" அவர் வீட்டுக்கு ஒன்றும் கொண்டு போவதில்லை. அது எனக்குத் தெரியும். இசக்கி ஓர் அடி முன்னால் வைத்தாள்.

"அதுக்காக எங்க அம்மாவைச் சாகடிப்பீங்களா சார்?"

சமையல்கட்டில் ஓர் ஆள்

சனிக்கிழமை பதினோரு மணிக்கு முற்றத்தில் பந்தல் போட்டாகிவிட்டது. நாற்காலியெல்லாம் விருந்தினர்களுக்கு. கேட்டுக்கு வெளியே ஒரு பெண் கையில் மஞ்சள் பையோடு நின்றிருந்தாள். மூஞ்சி அச்சு அசல் இசக்கி. வில்சன் சார் அவளைத் திருப்பி அனுப்பவில்லை, அவ்வளவு கெட்ட மனுஷரில்லை. விழா முடியும்வரை சமையல்கட்டில் உட்காரவைக்கச் சொன்னார். சும்மா இருக்கத் தெரியாத பெண். உட்கார்ந்ததும் முன்னால் கிடந்த உள்ளியை, அதாவது சின்ன வெங்காயத்தை, எடுத்து உரிக்க ஆரம்பித்துவிட்டாள். தண்ணீர் குடிக்க வந்த மார்கரெட் யார் இது என்று கேட்டார். "புதிய சமையல் உதவியாள்" என்று வில்சன் சாரே இங்கிலீஷில் சொல்லிவிட்டார். என்னை நம்பவில்லை.

அவர்கள் போன பிறகு, வரவேண்டாம் என்ற தகவல் கிடைக்கவில்லையா என்று வேலம்மாளைக் கேட்டேன். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, நெடுமங்காட்டில் மாறி வந்திருக்கிறாள். கத்தியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"கிடைச்சுது டீச்சரம்மா. போன மாசம் வராதேன்னாங்க, கேட்டேன். மாசாமாசம் கேட்டுக்கிட்டே இருக்கவா இவளைப் பெத்தேன்?"

இதையாவது முழுசாக

விழாவில் பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து நன்றி சொல்வது ஏற்பாடு. நான் மைக்கைப் பிடித்துப் பக்கத்தில். இசக்கியின் முறை வந்தது. என்னைப் பார்த்து, "டீச்சர், இதையாவது முழுசாச் சொல்லுங்க" என்றாள். பிறகு சபையைப் பார்த்தாள். "என் பேரு இசக்கி. எனக்கு அம்மா இருக்கு. இப்ப உள்ள உக்காந்து உங்க சாம்பாருக்கு உள்ளி உரிக்கா. நான் போய்க் கூட்டிட்டு வாரேன்." இறங்கிப் போய்விட்டாள்.

முன் வரிசையில் வில்சன் சார் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையை அசைத்தார். வேண்டாம் என்று. நான் சொன்னேன். அம்மா, உள்ளி, சாம்பார், ஒன்றையும் விடவில்லை. அதற்குப் பிறகு ஏற்பாட்டுக்கெல்லாம் வேலையில்லாமல் போயிற்று. ஒருத்தி எழுந்து, அப்பா கழக்கூட்டம் என்ற ஊரில் கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறார் என்றாள். ஒருத்தனுக்கு அம்மா ஆரியசாலையில் அரிசி மொத்தக் கடையில் பெருக்குகிறாள். ஒவ்வொன்றையும் சொன்னேன். கடைசியாக எழுந்தவள் பத்து வயசு சோபியா. அவளுக்கு நிஜமாகவே யாரும் இல்லை.

"எனக்கு யாரும் இல்ல டீச்சர். ஆனா அதை நானே சொல்லிக்கிடுவேன், எனக்குப் பதிலா வேற யாரும் சொல்ல வேண்டாம்."

யார் சீவியது?

இசக்கி அம்மாவைக் கூட்டி வந்தாள். நாற்காலி மிச்சமில்லை. வேலம்மாள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. மேடை ஓரத்தில் உட்கார்ந்து மகளைக் காலுக்கிடையில் இருத்திக்கொண்டாள். அன்று காலையில்தான் குழுவினர் ஆசை ஆசையாக இசக்கியின் தலையை இருபது முப்பது குட்டிப் பின்னலாகப் பின்னி, நுனிக்கு நுனி பாசிமணி கோர்த்திருந்தார்கள். வேலம்மாள் ஒரு பின்னலைத் தூக்கிப் பார்த்தாள். இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் எல்லோருக்கும் முன்னால் ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தாள். மணிகள் மேடையில் உருண்டன. மஞ்சள் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியும் ஈர்கோலியும் வெளியே வந்தன.

சபை மொத்தமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. வேலம்மாள் நிமிர்ந்து கேட்டதை அப்படியே இங்கிலீஷில் கேட்டேன். மார்கரெட் எழுந்து, பள்ளிப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

"தலை பூரா ஈரு. அதுக்கு மேல பாசி கோத்துவிட்டா ஆச்சா? யாரு பாத்த வேல இது?"

மார்கரெட் படித்தது

கூட்டம் கலைந்த பிறகு மார்கரெட் வந்து வேலம்மாள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். ஈர்கோலியை எப்படிப் பிடிப்பது என்று கேட்டார். வேலம்மாள் பிடித்துக் காட்டினாள். பாதி மண்டை அம்மா, பாதி மண்டை மார்கரெட். நடுவில் இசக்கி 'ஆ, ஊ' என்று கத்திக்கொண்டிருந்தாள்; அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இவள் அனாதை என்றுதான் எங்களுக்கு எழுதியிருந்தார்கள் என்று மார்கரெட் மெதுவாகச் சொன்னார். சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, வேலம்மாளிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வெளிச்சத்துக்காக மகளின் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"எழுதினவங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் என்ன, ஒளிஞ்சா கிடந்தேன்?"

மறுபடியும் அழைப்பு

என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். வில்சன் சார் பயந்தது முழுவதும் பொய்யில்லை; கனடாவிலிருந்து பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பிவந்த சில வீடுகள் உதவியை நிறுத்திக்கொண்டன. வேறு சில வீடுகளிலிருந்து, பிள்ளையின் அம்மாவுக்கும் ஒரு கடிதம் போடலாமா என்று கேட்டு எழுதினார்கள். இல்லம் மூடவில்லை. ஆனால் பல மாசம் சாம்பாரில் காய் குறைந்தது, அதையும் மறைக்கக் கூடாது. இசக்கியிடம் அதைச் சொன்னேன். அம்மா வந்து போகிற மாசத்தில் காய் இல்லாத சாம்பாரை ஒரு குறையும் சொல்லாமல் குடிப்பேன் என்றாள்.

இனி அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை என்று நினைத்தேன். இந்த வருஷக் குழு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் வில்சன் சார் போன் செய்தார். மூன்று மொழியும் தெரிந்து சம்பளமும் கேட்காத ஆள் வேறு கிடைத்திருக்காது. நான் ஒரு நிபந்தனை போட்டேன்: யார் வந்தாலும் போனாலும் இரண்டாம் சனிக்கிழமை அம்மாக்களுடையது, அதை நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்ட வேண்டும். ஒட்டியாகிவிட்டது என்றார். போனை வைக்கும் முன் தயங்கிவிட்டுச் சொன்னார்:

"பிள்ளைங்க சொல்றதை அப்படியே சொல்லுங்க டீச்சர், வேண்டாம்னு நான் சொல்லல, மைக்கை மட்டும் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சாப் போதும்."

பல வருஷம் பிறர் பேச்சைச் சுமந்ததில் நான் கண்டது இவ்வளவுதான்: கடல் தாண்டி வருகிறவர்களைவிட, பொன்முடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவளுக்குத்தான் எல்லா மேனேஜர்களும் பயப்படுகிறார்கள், அது நல்லதுதான்.