கல்யாணத்துக்குப் பெண் உள்ள வீடுகள்

1. 1982 தை மாதத்தில் ஒரு காலையில், அம்மா தோசை திருப்பிக்கொண்டிருந்தபோது கரண்டி கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் எழவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

2. புறா ரத்தம் வாதத்துக்கு நல்லது என்று பெரியப்பா புறா வாங்கி வரச் சொன்னார். அறுத்த சூட்டோடு ரத்தத்தைக் கையிலும் காலிலும் தேய்த்து, காற்று படாமல் கம்பளியில் சுற்றி வைத்தார்கள். அரசு மருத்துவமனைக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

3. நான் சென்னையில் பிசியோதெரபி கடைசி வருடம். "அம்மாவுக்கு லேசாக் காத்து பட்டிருக்குது, பரீட்சைய முடிச்சிட்டு வா" என்று அப்பா சொல்லியனுப்பினார். நம்பினேன்.

4. வந்து பார்த்தபோது அம்மா அரிசி மூட்டைகள் அடுக்கிய பின்னறையில் கிடந்தாள். நாம் பேசுவது எல்லாம் அவளுக்குப் புரிந்தது. திருப்பிச் சொல்ல வார்த்தை வரவில்லை.

5. அந்தச் சமயம் ஒரு பெரிய மருத்துவமனையின் நரம்பியல் பிரிவு, எங்கள் ஊரான திருவண்ணாமலையிலும் சுற்றுக் கிராமங்களிலும் பக்கவாதம் வந்தவர்களை வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது. எனக்கு அதில் வேலை கிடைத்தது.

6. கணக்கெடுப்பு எங்கள் தெருவுக்கு வந்தது. அப்பா வாசலை மறித்து நின்று, "இங்க அப்படி யாரும் இல்லீங்க" என்றார்.

அவரவர் தெருவுக்கு அவரவர் போகக் கூடாது என்பது ஆய்வின் விதி. போனவள் என்னோடு வேலை பார்த்த, அம்மா விஷயம் தெரிந்த பெண். மாலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அப்பா என் மூஞ்சியப் பாத்தே இல்லைன்னாரு, இன்னாடி பண்றது?" என்றாள். ஆய்வு மருத்துவரிடம் நானே சொன்னேன். "வீட்டுப் பெரியவர் சம்மதிக்காம நான் எப்படிம்மா உள்ள வர்றது?" என்றார். அவர் சொன்னதும் விதிதான்.

கணக்கில் சேர்ந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். பயிற்சி கொடுக்க நான் போனேன். ஊரார் கால்களையெல்லாம் நீட்டி மடக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், அம்மாவை நடத்திப் பார்க்க எனக்கு இடம் இல்லை. மூட்டைகளுக்கு நடுவே திரும்பக்கூட முடியாது. முதல் சில மாதங்களில் நடக்கவைத்தால்தான் கால் ஓரளவாவது திரும்பும். விட்டால் தசை இறுகி, பாதம் கீழ்நோக்கி வளைந்து நின்றுவிடும். காலையில் தெருவில் கொஞ்ச தூரம் நடத்துகிறேன் என்று கேட்டேன்.

"ஊரே பாக்கணுமா?" என்றார் அப்பா. "வாதம் பரம்பரைன்னுவாங்க. உன் கல்யாணம் முடியட்டும். அப்புறம் அவ தெரு முழுக்க நடக்கட்டும்."

"கால் அதுவரைக்கும் தாங்காதுப்பா."

"கால் எங்க ஓடிடப் போவுது?"

எங்கள் வீடு மட்டும் இப்படி என்றில்லை. வயதுக்கு வந்த பெண் இருந்த வீடுகளில், உள்ளே தைல நெடி வீசும்போதே 'யாரும் இல்லை' என்றார்கள். பெண்களைக் கட்டிக்கொடுத்து முடித்த வீடுகளில் மட்டும் நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துக் காட்டினார்கள். எங்கள் ஆய்வின்படி, திருவண்ணாமலையில் கல்யாணத்துக்குப் பெண் உள்ள வீட்டில் யாருக்கும் மூளையில் ரத்தக் குழாய் அடைபடுவதில்லை.

ஆவணியில் அடி அண்ணாமலையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. அம்மா போளூருக்கு, தன் தம்பி மகள் பிரசவத்துக்குப் போயிருப்பதாக அப்பா சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியை இரண்டாகப் பிட்டபடி என்னைப் பார்த்தாள்.

"மறைக்கறதுக்கு இன்னா இருக்குதுங்க. எங்க வூட்டுக்காரரு ஒரு பக்கம் வராம படுத்துக் கெடக்குறாரு. பொண்ணு வாதக்காரங்களப் பாக்குதுன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தோம். வேலைய விட்டுட்டு வூட்டோட இருந்து அவரப் பாத்துக்கிட்டா போதும். வேற ஒண்ணும் கேக்கலை."

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "படிச்சதே அதுக்குத்தானேம்மா. நல்லாப் பாத்துக்கும்."

அவள் மறைக்கவில்லை. அவள் சொன்ன பிறகாவது அப்பா சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க அம்மா போளூர்ல இல்லீங்க," என்றேன். "அந்த ரூம்லதான் இருக்காங்க. அவங்களுக்கும் ஒரு பக்கம் வராது."

மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "ரெண்டு பக்கமும் வாதம்னா, பொறக்குற கொழந்தைக்கு இன்னா கதி?"

கூட வந்த மாமா எழுந்தார். "நல்ல வேளை, பொண்ணே சொல்லிடுச்சு. பஜ்ஜி நல்லா இருந்துச்சுங்க, வரோம்."

அவர்கள் பஸ் நிறுத்தம் போய்ச் சேர்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றும் இல்லாததால் மறுநாள் காலை அம்மாவை வெளியே கூட்டிவந்தேன். அப்பா தடுக்கவில்லை, பார்க்கவும் இல்லை. பாதம் அதற்குள் வளைந்து இறுகியிருந்தது. குதிகால் தரையைத் தொடவில்லை.

இப்போது அம்மா கைத்தடியோடு தெருக்குழாய் வரை போய் வருகிறாள். வலது கை மூடியபடி இருக்கிறது, பேச்சு திரும்பவில்லை. அதற்குப் பிறகு என்னைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. அந்தக் கோபத்தில் அப்பா என்னிடம் பேசுவதில்லை. அப்பா சம்மதம் தராமலே கணக்கெடுப்பு முடிந்துவிட்டது, அதில் அம்மா இல்லை.