சைரன் போடாமல் வந்தவர்

அந்த அம்புலன்ஸ் சாரதியின் பெயரை நான் கேட்கவில்லை. நரைத்த மீசை, மணிக்கட்டில் சாயம் போன கோயில் நூல். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

குறுகலான ஒழுங்கைக்குள் இருந்த எங்கள் தொண்டைமானாற்று வீட்டில் ஒரு மத்தியானம் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நாங்கள் அழைத்து வெகுநேரம் கழித்தே அம்புலன்ஸ் வந்தது, அதுவும் சத்தமே இல்லாமல். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"வந்ததே பிந்தி. சைரனாவது போட்டிருக்கலாமே, அண்ணை?"

ஸ்ரெச்சரை இழுத்தபடியே அவர் சொன்னார்: "ஒழுங்கைக்குள்ளை போடமாட்டன், தம்பி. சத்தம் கேட்டால் சனம் மோட்டச்சைக்கிளிலை பாக்க வந்திடும். பிறகு ஆளை வெளியாலை கொண்டுபோகேலாது. மற்ற வண்டி பழுது, அதாலை வாறது பிந்திப்போச்சு. போறதும் பிந்தக்கூடாது."

ஆனால் மாமா ஏற்கெனவே ஊர் முழுக்க ஃபோன் அடித்திருந்தார். அப்பாவை ஏற்றியபோது அம்புலன்ஸுக்குப் பின்னால் ஒழுங்கை நிறைய மோட்டார் சைக்கிள்கள். சாரதி இறங்கி, வழிவிடச் சொல்லி ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். ஒருவர் மோட்டார் சைக்கிள் திறப்பைக் காணவில்லை என்று சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றார்.

ஒருவழியாக ஒழுங்கையை விட்டுப் பெருந்தெருவுக்கு வந்ததும் அவர் சைரனைப் போட்டார்; நான் பின்னால் அப்பாவின் கால்மாட்டில் இருந்தேன். பாதி வழியில், அப்பாவின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த உதவியாளர் கையை எடுத்துவிட்டு, இனி இல்லை என்பதுபோலத் தலையை அசைத்தார். சாரதி அதைக் கண்ணாடியில் பார்த்தார். வண்டியின் வேகம் குறைந்தது.

சைரனை மட்டும் ஆஸ்பத்திரி வாசல்வரை அவர் நிறுத்தவேயில்லை. யாருக்காக அதை அலறவிட்டார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.