சிவப்பு ரப்பர்பேண்ட்

மூடி இறுக்கமாக இருக்கும் பால்பவுடர் டப்பாவுக்குள் வெள்ளத் தண்ணீர் இறங்குமா? அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. கிடங்கு அக்காவுக்கும் தெரியவில்லை. தெரியாததால்தான் அவர் ஓடினார்.

அக்கா பிஸ்கட் கம்பெனியில் பல வருடம் பொட்டலம் கட்டியவர். வெள்ளத்தில் கம்பெனி முடங்கியதும், இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் எங்கள் பகுதி உணவு வங்கியின் கிடங்கைப் பார்த்துக்கொள்ள வந்தார். கையில் வளையலுக்குப் பதில் ரப்பர்பேண்டுகள்தான் கிடக்கும். வெள்ளத்தில் நனைந்த டப்பா என்றால் சிவப்பு ரப்பர்பேண்ட் ஒன்றை மாட்டி மேசைக்கு அடியில் தள்ளிவிடுவார். சிவப்பு என்றால் குப்பைக்கு. குப்பை வண்டியோ வருகிற வழியாக இல்லை.

அன்று வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அரிசி அளந்துகொண்டிருந்த அக்கா தற்செயலாகத் திரும்பினார். சர்க்கரைப் பொட்டலங்களின் வாயிலெல்லாம் சிவப்பு ரப்பர்பேண்ட். அளந்த படியை அப்படியே கீழே வைத்தார்.

“இதெல்லாம் எங்கேருந்து எடுத்தே?” என்று பொட்டலம் கட்ட உதவிக்கு வந்திருந்த நாத்தனாரைக் கேட்டார்.

“கீழே இருந்த டப்பாங்க மேல சும்மாதானே மாட்டிக் கிடந்துச்சு, அண்ணி. கட்டுறதுக்கு நூல் தீர்ந்துபோச்சு.”

“அங்கே இருந்த பால்பவுடர்?”

“தொடைச்சுப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. பள்ளிக்கூடத்து முகாம்லேருந்து கைக்குழந்தையோட ஒருத்தி வந்தா, குடுத்துட்டேன். ஏன் அண்ணி, முகம் இப்படிப் போகுது?”

அக்கா நல்ல டப்பா ஒன்றை அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். பள்ளிக்கூடத்து முகாமில் அந்தப் பெண் இல்லை.

“அண்ணன் வீட்டு மாடிக்குப் போயிட்டாம்மா. பிள்ளை பசியில கத்திக்கிட்டே இருந்துச்சு” என்றார் காவலாளி.

தெருவெல்லாம் சேறு. ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு நடந்தார். மாடிப்படியில் கால் வைத்தபோது குழந்தையின் அழுகை கேட்டது. பாதிப் படியில் அது சட்டென்று நின்றது.

குடித்துவிட்டதா?

மீதிப் படிகளை எப்படி ஏறினார் என்று அக்காவுக்கே தெரியாது. உள்ளே குழந்தை தன் கையையே சப்பிக்கொண்டிருந்தது. டப்பா சன்னலோரம் பிரிக்காமல் இருந்தது.

“வாங்க, உணவு வங்கி!” என்றாள் தாய். “பவுடர் குடுத்தீங்க, சரி. வெந்நீர் யாரு, உங்க மாமியார் வந்து வச்சுக் குடுப்பாங்களா? அடுப்புக்குள்ள பூரா சேறு!”

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “திட்டும்மா. இன்னும் நாலு திட்டு திட்டு.”

ஆனால் குழந்தைக்குப் பசி தீரவில்லையே! மறுபடி ஓடினார், இந்த முறை முகாம் சமையலறைக்கு, வெந்நீருக்கு. குழந்தை குடித்து முடித்த பிறகுதான் பழைய டப்பாவைத் திறந்தார்கள். மேலே பவுடர் வெள்ளை வெளேர் என்றிருந்தது. கரண்டியை விட்டுக் கிளறினால், அடியில் பழுப்பாகக் கட்டி தட்டிப்போயிருந்தது.

இப்போது நனைந்த டப்பா கையில் கிடைத்ததுமே யாரும் எடுத்துக் கொடுத்துவிடாதபடி அக்கா அதில் ஆணியால் ஓட்டை போட்டுவிடுகிறார். பால்பவுடர் கொடுத்தால் கூடவே ஒரு பிளாஸ்க் வெந்நீரும் போகிறது.

வெள்ளம் அடுத்து எந்த ஊருக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே பொட்டலம் கட்டப்போகிறவர் உங்களுக்குத் தெரிந்தவராகவும் இருக்கலாம். இந்தக் கதையை அவரிடம் சொல்லிவிடுங்கள்.