சத்தம் போடாத திவான்

நான் திவானாக இருந்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம், என் பேத்திகள் சிரித்ததே போதும். மைசூர் மகாராஜாவுக்கு அல்ல, தங்கச் சுரங்கத்து ஆட்கள் குடியிருந்த சாம்பியன் ரீப்ஸ் லைனில் மூங்கில் தட்டியால் கட்டிய ஒரு பள்ளிக்கூடத்துக்கு. முப்பத்திரண்டு பிள்ளைகள், ஒரு வாத்தியார், ஒரு கரும்பலகை. இருந்தால் என்ன, திவான் திவான்தானே!

எங்கள் வாத்தியார் பத்திரிகை படிக்கிற மனுஷர். மைசூரில் தசராவின்போது ஊர் ஊரிலிருந்து பிரதிநிதிகள் கூடி, திவானிடம் குறைகளைச் சொல்லும் சபை ஒன்று உண்டென்று எங்கோ படித்துவிட்டார். மறுநாளே நமக்கும் ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். தண்ணீர்ப் பானைக்கு ஒருத்தன், பெருக்குவதற்கு ஒருத்தி, சண்டை தீர்க்க ஒருத்தன், எல்லோருக்கும் மேலே ஒரு திவான். வெள்ளிக்கிழமை மத்தியானம் சபை கூடும். யாருக்கு என்ன குறை என்றாலும் சொல்லலாம். திவான் அதைச் சிலேட்டில் எழுதி, அடுத்த வெள்ளிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஓட்டுக்குப் புளியங்கொட்டை. ஆளுக்கொரு கொட்டாங்கச்சி வைத்தார்கள், என் கொட்டாங்கச்சிதான் நிரம்பி வழிந்தது. பெண்பிள்ளைகள் நாங்கள் ஆறே பேர். ஆக, பையன்களும் எனக்குப் போட்டிருக்கிறார்கள். காரணம் என் அறிவு என்று அன்றைக்கு நினைத்தேன். உண்மையில் காரணம் என் தொண்டை. தண்ணீர்த் தொட்டி வரிசையில் நின்று நான் ஒரு குரல் கொடுத்தால், அடுத்த லைன் நாய் எழுந்து ஓடும். வாய்ப்பாட்டை முன்னால் நின்று சொல்லிக்கொடுப்பது திவானின் வேலை, அதற்கு அப்படி ஒரு தொண்டை வேண்டும். "ஓரேழு ஏழு" என்று நான் எடுத்துவிட்டால், முப்பத்தொரு பேரும் கூரை அதிரத் திருப்பிச் சொல்வார்கள்.

அந்தக் கூரைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே தட்டி. அந்தத் தட்டிக்கு அந்தப் பக்கம் அப்பா பாய் போட்டுப் படுத்திருப்பார். அந்த வருஷம் முழுக்க அவருக்கு ராத்திரி ஷிப்டு. அவர் காலையில் வரும்போது நான் பள்ளிக்குக் கிளம்பியிருப்பேன். சாயங்காலம் அவர் போகும்போது தண்ணீர் வரிசையில் குடத்தோடு நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் கேஜ் மணி அடிக்கிற வேலை. கேஜ் என்பது ஆட்களை ஆழத்துக்கு இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டு. ஒரு மணி அடித்தால் நில். இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆள் ஏறியாச்சு, பார்த்துத் தூக்கு. இது எங்கள் லைனில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் சண்டை போட்டால் அம்மா கரண்டியால் தட்டில் ஒரு தட்டு தட்டுவாள், அப்படியே நிற்போம்.

நான் திவானாகி இரண்டாவது வெள்ளிக்கிழமை. சபை கூடியிருக்கும்போது வாசலில் கைலியோடு ஓர் ஆள், தலைமயிரெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, கண் ரெண்டும் சிவந்துபோய். பார்த்தால் என் சொந்த மாமா! அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டிலேயே இருந்தவர், அவருக்கும் ராத்திரி ஷிப்டுதான்.

"இன்னா சார் இது? ராவெல்லாம் அடியில கிடந்துட்டு வந்தவன் தூங்கறதா வாணாமா? ஏழேழு எவ்ளோன்னு எனுக்குத் தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது?" என்று ஆரம்பித்தார்.

அதோடு விட்டாரா? லைனில் ராத்திரி ஷிப்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லி, பள்ளிக்கூடத்தைப் பெயர்த்து ராபர்ட்சன்பேட்டைப் பக்கம் அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு தூரம் பெண்பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? பள்ளி போனால் எங்கள் படிப்பும் போச்சு. என் திவான் பதவி இரண்டே வாரத்தில் கவிழ்ந்த கதையாகிவிடும்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் சிலேட்டில் எழுதினேன்: தூக்கம்.

இரண்டு நாள் யோசித்தேன். திங்கட்கிழமை என் சட்டம் அமலுக்கு வந்தது. இனி பள்ளியில் யாரும் சத்தம் போடக் கூடாது. எல்லாம் கேஜ் மணிப்படி, ஆனால் மணிக்குப் பதில் விரல். ஒரு விரல் காட்டினால் நிறுத்து. இரண்டு விரல் காட்டினால் குரலை இறக்கு, உதடு மட்டும் அசையட்டும். மூன்று என்றால் குரலைத் தூக்கு, அதற்குத்தான் எங்கள் பள்ளியில் வேலையே இல்லாமல் போனது.

என்ன அழகாக நடந்தது தெரியுமா! முப்பத்தொரு உதடுகள் ஒன்றாக அசையும், ஓர் ஈ பறந்தால் கேட்கும். உதட்டைப் பார்த்தே எவன் தப்பாகச் சொல்கிறான் என்று கண்டுபிடித்துவிடுவேன். மாமா ஒரு நாள் வந்து, "பரவால்லடி, திவானம்மா" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார். லைன் பெண்கள் தொட்டியடியில் என்னை முன்னால் விட்டார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார், "இன்னாம்மா, இப்பல்லாம் ஸ்கூலு இல்லியா?" என்று. எனக்குப் பெருமை பொங்கிவிட்டது. தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனுஷருக்கே பள்ளி நடப்பது தெரியவில்லை! என் சட்டத்தை விளக்கி, விரலைக் காட்டி, மூச்சுவிடாமல் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். நல்லா பண்ணேம்மா என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். அவர் கண் மாமாவின் கண்ணைவிடச் சிவப்பாக இருந்தது. அடியில் தூசி அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பரீட்சை வைக்கும் அதிகாரி வந்தார். ஜரிகைத் தலைப்பாகை, கன்னட வாடை அடிக்கிற தமிழ். அவர் நல்ல பேர் எழுதினால்தான் பள்ளி நிலைக்கும் என்று வாத்தியார் முன்பே சொல்லியிருந்தார். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். நான் முன்னால் போய் நின்று இரண்டு விரலைக் காட்டினேன். முப்பத்தொரு உதடுகள் அசைந்தன. ஒரு சத்தம் இல்லை.

அதிகாரி காதைத் தேய்த்துக்கொண்டார். என்ன இது, ஊமைப் பிள்ளைகளா என்று வாத்தியாரைக் கேட்டார். வாத்தியாருக்கு வேர்த்துக் கொட்டியது. "சத்தமா சொல்லும்மா" என்று என்னிடம் கெஞ்சினார். நான் விரலை இறக்கவில்லை. சத்தம் போட்டால் மாமா பள்ளியைப் பெயர்ப்பார், போடாவிட்டால் அதிகாரி மூடுவார். "ஐயா, அப்பாங்க தூங்கறாங்க" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது. முப்பத்தொரு பேரும் என் விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் அது கேட்டது. பின்னால், தட்டியில், டக், டக், டக்.

மூன்று. சீராக, நிதானமாக. எங்கள் லைனில் அந்தத் தட்டைக் கேட்டுச் சும்மா உட்கார ஒரு பிள்ளை கிடையாது. நான் வாயைத் திறந்தது எனக்கே தெரியாது. "ஓரேழு ஏழு!" என்று எடுத்தேன் பாருங்கள், மூன்று மாதம் அடைத்து வைத்த தொண்டை அல்லவா, அதிகாரி தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தொரு பேரும் பின்னாலேயே வந்தார்கள். ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு என்று கூரையே எகிறியது. முடித்தபோது அதிகாரி சிரித்தார். நோட்டில் நீளமாக ஏதோ எழுதினார், எனக்கு ஒரு பென்சில் கொடுத்தார். பள்ளி பிழைத்தது.

பென்சிலோடு வீட்டுக்கு ஓடினேன். அப்பா பாயில் உட்கார்ந்திருந்தார். தூங்காமல் என்ன செய்கிறீர்கள், நீங்களா தட்டியது என்று திவான் தோரணையில் கேட்டேன். "கனவும்மா. ஷிப்டுல இருக்கறாப்புல தட்டிட்டேன் போல" என்றார். தூக்கத்தில்கூட வேலை தவறாத அப்பா என்று நான் ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அடுத்த திங்கட்கிழமை மாமா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு இரண்டு லைன் தள்ளிச் சிநேகிதன் வீட்டுக்குத் தூங்கப் போனார். அப்பா அவரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. ஜரிகைத் தலைப்பாகைக்குப் பயந்துவிட்டார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். பள்ளியில் பழையபடி கூரை அதிர்ந்தது.

அப்பா இறந்துபோன பிறகு ஒரு நாள், பேச்சோடு பேச்சாக அம்மா சொன்னாள். "முன்னெல்லாம் நீ ஏழாம் வாய்ப்பாடு முடிக்கறதுக்குள்ள தூங்கிடுவாருடி. நீ கம்முனு ஆன அந்த மூணு மாசம் அவரு கண்ணே மூடல. தட்டி பக்கமா காதை வெச்சிக்கினு படுத்துனு இருப்பாரு."

வெள்ளிக்கிழமைதோறும் எல்லோர் குறையையும் எழுதினேன். தண்ணீர் பற்றாத குறை, சிலேட்டு உடைந்த குறை, மாமாவின் தூக்கக் குறை. தட்டிக்குப் பின்னால் இருந்தவருக்கும் ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை. அவரும் ஒரே ஒரு தடவை மூன்று தட்டுத் தட்டிச் சொல்லத்தான் சொன்னார். கனவாம் என்று நம்பிவிட்டேனே.