கைத்தட்ட ஆளில்லாத ஒத்திகை

எங்கள் நாடகக் குழுவுக்குக் கதையும் கிடையாது, வசனமும் கிடையாது. யாராவது ஒரு சூழ்நிலையைச் சொன்னால் அந்த இடத்திலேயே பேசி நடிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் மறுக்கக் கூடாது. பயிற்சி நடத்தும் அண்ணன் கைத்தட்டும் வரை நிறுத்தக் கூடாது. விதி இவ்வளவுதான். மண்டபம் பிடிக்க வசதியில்லை. ஞாயிறு காலைகளில் திண்டிவனத்தில் ஒரு பூங்காவில் ஒத்திகை. வாரம் முழுக்க ஒரு பள்ளி அலுவலகத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும் நான், வளவனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவதே அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான்.

அன்று நான் மனைவி. செல்போன் கடை வைத்திருக்கும் நண்பர் கணவன். என் போனின் பூட்டை நான் மாற்றிவிட்டதாகச் சண்டை. அவர் கையை வீச, நான் தொடையில் தட்டிச் சத்தம் எழுப்பிவிட்டுக் கீழே விழுந்தேன். அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார்.

நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் சூழ்ந்துவிட்டார்கள். அடித்தவரை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வெள்ளை ஷூ போட்ட பெரியவர் என்னிடம் குனிந்தார்.

"ஏம்மா, நாலு பேர் வந்து போற எடத்துல புருஷன எதுத்துப் பேசிக்கினு இருந்தா கோவம் வராதா?"

பழக்கதோஷம். விதிப்படியே பதில் சொன்னேன்: "ஆமாங்கய்யா, எம்மேலதான் தப்பு. இன்னும் ரெண்டு அடி போடச் சொல்லுங்க."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற அம்மா, "போனுக்கு இன்னாத்துக்குப் பூட்டு? அவருகிட்ட குடுத்துட்டுப் போவியா" என்றார்.

அண்ணன் டீயோடு ஓடிவந்து, "ஐயா, இது நாடகங்க, ஒத்திகை" என்றார்.

"அப்போ இவரு உன் ஊட்டுக்காரரு இல்லியா?" அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "குடும்பம் வர்ற பார்க்ல இன்னா அசிங்கம் இது? போலீசுக்குப் போன் போடுங்கப்பா." நிஜ அடி என்று நம்பி நின்ற அத்தனை நேரமும் பைக்குள்ளேயே கிடந்த போன்கள் அப்போதுதான் வெளியே வந்தன. நாங்கள் கிளம்பிவிட்டோம்.

அடுத்த ஞாயிறு வாட்ச்மேன் எங்களை உள்ளே விடவில்லை.

"கம்ப்ளெய்ன்ட் வந்துகிதும்மா. இங்க நடிக்கக் கூடாது."

"நெசமாவே ஒருத்தன் பொண்டாட்டிய அடிச்சா?"

"அது அவங்க குடும்ப விஷயம்மா" என்று சொல்லிவிட்டு அவர் கேட்டைச் சாத்தினார்.