புதன்கிழமை ஓய்வுநாள்

குச்சிக்கிழங்கை, மரவள்ளியைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம், அரைத்துப் பாலெடுக்கும் தொட்டியிலிருந்து கிளம்பும் புளித்த வாடையைச் சேலத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் மூன்று நாள் மறந்துபோன இட்லி மாவுப் பானையின் மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். என் பாவாடை, தலைமுடி, பள்ளிக்கூடப் பை எல்லாவற்றிலும் அது ஏறியிருந்ததால் வகுப்பில் எனக்குப் "புளிச்ச மாவு" என்று பெயர். அப்படிக் கூப்பிட்ட ஒருத்தியின் பின்னலை நான் பிடித்து இழுத்துவிட்டேன். ஜவ்வரிசி ஆலைக்காரர் மகள் என்பதில் எனக்கு அவ்வளவு கர்வம். அது இன்றும் குறையவில்லை.

யுத்த காலம் அது. கப்பலில் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனதும் சேலத்தைச் சுற்றி ஆளுக்கொரு கொட்டகை போட்டு ஆலை என்றார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்த அப்பாவும் வேலையை விட்டுவிட்டு, பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போகும் பாதையில் ஒன்று போட்டார். அவருக்குத் தெரிந்த வியாபாரமெல்லாம் வேதத்தில் படித்ததுதான். கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் மேல் குறையிருந்தால் முதலில் தனியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், நாலு பேர் முன்னால் கத்தக் கூடாது. படியளந்தால் குலுக்கி அமுக்கிச் சரிந்து விழும்படி அளக்க வேண்டும். "வாத்தியாரு இன்னும் பள்ளிக்கூடந்தான் நடத்தறாரு" என்று பக்கத்து ஆலைக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் ஆள் கிடைக்காமல் அவர்கள் திண்டாடிய நாட்களிலும் எங்கள் கொட்டகையில் முப்பது பேர் இருந்தார்கள்.

மற்ற ஆலைகள் ஏழு நாளும் ஓட, எங்களுடையது மட்டும் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். அன்று அப்பா சேலத்துத் தேவாலயத்தில் வேதபாடம் வாசிப்பார். கணீரென்ற குரல் அவருக்கு. சனிக்கிழமை மாலையே கிணற்றடியில் நின்று இரண்டு முறை வாசித்துப் பழகிக்கொள்வார். ஆலை போனாலும் தாங்கிக்கொள்வார், அந்த வாசிப்பு போனால் தாங்கமாட்டார் என்று அம்மா சொல்வாள்.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. ஞாயிறு முழுக்க ஓய்வு கொடுத்தும் புதன்கிழமை பாதிப்பேர் வருவதில்லை. கேட்டால் "சந்தைங்க" என்பார்கள். அன்றைக்குத்தான் எங்கள் ஊரில் சந்தை கூடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மாட்டுவண்டியில் திரும்பும்போது, உச்சி வெயிலில் யாரோ ஒருவருடைய காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். எல்லாம் எங்கள் ஆட்கள். களத்தில் ஜவ்வரிசி காயப்போடும் பெண்களுக்குத் தலைவியான பாவாயிதான் முன்னால் நின்றாள்.

"ஏம்மா பாவாயி, நீங்க ஓஞ்சு உக்காரத்தானே நான் ஆலைய மூடறேன்?"

"நீங்க சாமி கும்புடப் போறீங்க, மூடறீங்க. அன்னிக்கு எங்க ஊட்டுல அடுப்பு எரிய வேண்டாமுங்களா சாமி? புதங்கெழம லீவு உட்டீங்கன்னாலும் சந்தைக்குப் போயி நாலு சனத்தப் பாத்துட்டு வருவமுங்க."

வீடு வந்து சேர்ந்ததும் அப்பா வேதத்தைத் திறந்தார். ஓய்வுநாளில் எசமானும் வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும் ஓய வேண்டும் என்றிருக்கிறது. நம் ஆட்கள் ஏழு நாளும் வேலை செய்திருக்கிறார்களே என்று அம்மாவிடம் புலம்பினார். "மாடும் ஓயலைப்பா, நம்மளத்தான் இழுத்துட்டு வந்துச்சு" என்றேன் நான். அதற்கு ஒரு முறைப்பு கிடைத்தது.

இரண்டு நாள் யோசித்தார். வேதத்தில் வரும் வனாந்தரத்தில் ஆறாம் நாள் வானத்திலிருந்து மன்னா என்கிற ஆகாரம் இரண்டு பங்கு விழுந்ததனால்தான் ஏழாம் நாள் ஜனங்கள் பொறுக்கப் போகாமல் உட்கார்ந்தார்கள் என்பது நினைவுக்கு வந்ததாம். அந்த வாரமே ஏற்பாடு மாறியது. செவ்வாய்க்கிழமை மாலை ஒவ்வொருவருக்கும் புதனுக்கும் சேர்த்துக் கூலியாக இரண்டு பங்கு கம்பு. புதன்கிழமை ஆலை மூடல். ஞாயிற்றுக்கிழமை அப்பா இல்லாமலே பாவாயியின் பொறுப்பில் ஆலை ஓடும். முதல் புதனன்று துவைத்த சேலையும் தலையில் கனகாம்பரமுமாக, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அவசரமும் இல்லாமல் சந்தைக்கு நடந்துபோன பாவாயியைப் பார்த்து, அப்பா கையில் இருந்த காப்பியை ஆறவிட்டுவிட்டார்.

சபையில் விஷயம் புகைய ஆரம்பித்தது. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இரண்டு பெஞ்சு தள்ளிப்போனார்கள். ஆறாவதோ ஏழாவதோ புதன்கிழமை, போதகரே எங்கள் களத்துக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் மோரை மூன்று முறை வாங்கிக் குடித்தார்.

"வாத்தியாரே, ஞாயித்துக்கிழமை புகை போற ஆலைக்காரர் வேதம் வாசிக்கலாமான்னு கேக்கறாங்க. ஆலைய மூடுங்க, இல்லாட்டி வாசிப்ப விட்டுருங்க. எனக்கு வேற வழி தெரியலே."

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. "வாசிப்பை விட்டுடறேங்க" என்றார். சொல்லும்போது அந்தக் கணீர்க் குரலைக் காணோம்.

அதற்குள் மேற்கே இருட்டிவிட்டது. சித்திரை மாதத்துக் கோடைமழை சொல்லிக்கொண்டா வரும்? முந்தின நாள் வறுத்த ஜவ்வரிசி முழுவதும் களத்தில் கிடந்தது. நனைந்தால் பசைதான். ஆள் யாரும் இல்லை. அப்பா, அம்மா, நான், வண்டிக்காரர் நால்வரும் பலகையால் தள்ளிக் குவிக்கத் தொடங்கினோம். போதகர் ஒரு நிமிஷம் திகைத்து நின்றுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேல்துண்டில் அள்ளினார். பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை, காற்றோடு புழுதி வந்தது.

புழுதிக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். சந்தைக் கூடைகளை இடுப்பில் வைத்தபடி, பிள்ளைகளைத் தூக்கியபடி, ஓட்டமாக ஓடி வந்தார்கள். யாரும் யாரையும் ஏவவில்லை. பெருந்துளி விழும்போது களம் துடைத்த மாதிரி இருந்தது.

கொட்டகைக்குள் மூச்சு வாங்க நின்ற பாவாயியிடம் அப்பா, "இன்னைக்கு உங்க ஓய்வுநாளாச்சே பாவாயி" என்றார்.

அவள் சிரித்தாள். "மாடு கெணத்துல உழுந்து கெடக்கறப்ப, இன்னிக்கு என்ன கெழமைன்னு பாத்துட்டா இருப்பாங்க?"

போதகர் துண்டை உதறுவதை நிறுத்தினார். ஓய்வுநாளில் ஒரு நோயாளியைக் குணமாக்கிய ஆண்டவர் சுற்றியிருந்தவர்களிடம் இதே கேள்வியைத்தான் கேட்டார் என்று வேதத்தில் இருப்பது அவருக்கும் அப்பாவுக்கும் தெரியும். எழுத்து வாசனையே இல்லாத பாவாயிக்குத் தெரிய வழியில்லை.

"இதை உனக்கு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார்.

"இத ஒருத்தரு வந்து சொல்லோணுங்களா சாமி?"

அடுத்த ஞாயிறு அப்பா பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தார். போதகர் அவரைப் பெயர் சொல்லி முன்னால் அழைத்து, வேதத்தை மாடு கிணற்றில் விழும் அந்த இடத்தில் விரித்துக் கையில் கொடுத்தார். அப்பா வாசித்தார். அந்த வரியை மட்டும் இரண்டு முறை வாசித்தார். பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த நான் தலையை நன்றாக நிமிர்த்தி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். ஆலையில் அந்நேரம் பாவாயியின் பொறுப்பில் புகை போய்க்கொண்டிருந்தது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள். சந்தைத் திடலில் பஸ் நிற்கிறது. புதன்கிழமை என்றால் அங்கே யாருக்கும் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. என் மகன் விசைத்தறிப் பட்டறை தொடங்கிய அன்று, "ஞாயிறு விடுமுறை" என்று எழுதிய பலகையைத் தூக்கிக்கொண்டு மாட்டுவதற்கு ஆணி தேடினான். தறி ஓட்டுகிறவர்களைக் கேட்டாயா என்றேன். இதையெல்லாமா கேட்பார்கள் என்று சிரித்தான். பலகையை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, போய்க் கேட்டுவிட்டு வா என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனான்.