முத்துமாரியம்மாள் கொடுத்த சம்மதம்

முத்துமாரியம்மாள் எனக்கு மாரியக்கா. பரளச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவருடைய அக்கா வெள்ளைத்தாய்க்குக் கல்யாணமாகிப் பல வருடமாகப் பிள்ளையில்லை. வெளியாள் ஒருத்தி வருவதற்குச் சொந்த ரத்தமே வரட்டும் என்று வெள்ளைத்தாயே முன்னின்று தங்கையைத் தன் புருஷன் சுந்தரபாண்டிக்குக் கட்டிவைத்தார். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. தங்கைக்கும் பிள்ளை பிறக்கவில்லை. அதற்குப் பிறகாவது குறை யாரிடம் என்று யாராவது கேட்டிருக்கலாம். ஆம்பளையைப் பார்த்துக் கேட்கிற வழக்கம் எங்களுக்கு ஏது?

பிள்ளை வரம் வேண்டித்தான் மூவரும் முதன்முதலில் ஓரியூருக்குப் போனார்கள். அந்தக் காலத்தில் வேதம் போதிக்க வந்த வெள்ளைக்காரச் சாமியார் அருளானந்தர் தலை வெட்டுண்ட இடம் அது. அங்கே மண் சிவப்பு. வேண்டுதல் என்று வந்துவிட்டால் கோயிலா சர்ச்சா என்று எங்கள் ஆட்கள் பேதம் பார்ப்பதில்லை. மண்ணை முடிந்து கொண்டுவந்து வீட்டில் வைத்துக் கும்பிட்டார்கள். பிள்ளை வரவில்லை. ஆனால் சுந்தரபாண்டியின் மனசில் அருளானந்தர் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

போன வருடம் சுந்தரபாண்டிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. டாக்டர் கையை விரித்துவிட்டார். கண்ணை மூடுவதற்குள் ஞானஸ்நானம் வாங்கியே தீருவேன் என்று மனிதர் பிடிவாதமாக நின்றார். பங்குச்சாமியார் வந்தார். நல்ல மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஒருவர்தான் மனைவியாக இருக்க முடியும், விலகுகிறவருக்குச் சோறு, துணி, இருக்க இடம் எல்லாம் நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றார். அது யார் என்பதை மூவரும் பேசி முடிவெடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுந்தரபாண்டிக்குப் பேச ஒன்றுமில்லை. அருளானந்தர் சரித்திரம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் தடியத்தேவர் என்று ஒருவர் தீராத நோயில் கிடந்து பிழைக்கிறார். பிறகு மூத்த மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களை விலக்கிவிட்டுக் கிறிஸ்தவ வேதத்தில் சேருகிறார்.

"அவுக மூத்தவுகளத்தான வச்சுக்கிட்டாக. நானும் அப்படித்தான் செய்யணும்."

சாமியார் சொல்லாத விதியை இவர் சரித்திரத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அதே மாதிரி செய்தால் அதே மாதிரி பிழைத்துவிடலாம் என்ற நப்பாசையும் உள்ளே இருந்திருக்கும்.

"நான் கூட்டியாந்த புள்ள அது. நான் வெளிய போறேன், அவ இருக்கட்டும்" என்று வெள்ளைத்தாய் அழுதார். சுந்தரபாண்டி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மறுநாள் மல்லிக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தோம். மாரியக்கா திடீரென்று கேட்டார்.

"அந்தச் சரித்திரத்துல, வெலக்கிவிட்ட கடைசிப் பொண்டாட்டி ராசாகிட்டப் போயி அழுதாகளாம். அதுலதான் அருளானந்தர் தலை போச்சாம். அந்தப் பொம்பள அப்புறம் என்ன ஆனாக?"

"தெரியலக்கா. யாரும் சொல்லிக் கேட்டதில்ல."

"எனக்குச் சோறு பெருசில்ல. நாளைக்கு அவுக போயிட்டா, அந்த வீட்டுல நான் யாருன்னு உக்காருவேன்? அத நெனச்சாத்தான் நெஞ்ச அடைக்குது. முடியாதுன்னு சொல்லவும் பயமா இருக்கு. அவுக ஆச நெறவேறாமப் போயிட்டா, ஊரு என்னையும் அந்தப் பொம்பளயப் பேசுற மாதிரிதான பேசும்?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது? சாகக் கிடக்கிற மனிதர்மேலா?

சாமியார் மறுபடியும் வந்தார். "யாருக்காகவும் சொல்ல வேண்டாம்மா. உங்களுக்கு உண்மையிலேயே சம்மதமா?" என்று கேட்டார். மாரியக்கா கட்டிலைப் பார்த்தார். சுந்தரபாண்டி கண்ணை மூடி ஜெபம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவர் கண்ணைத் திறந்து இவரைப் பார்த்திருக்கலாம்.

"சம்மதம்" என்றார் மாரியக்கா. தாலியைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டை ஒட்டியிருந்த அறைக்குக் குடிவந்தார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. பொய்யாகப் போட்டுக்கொண்டு திரிய முடியாது என்றார்.

சுந்தரபாண்டி பிழைக்கவில்லை. அருளானந்தம் என்ற புதுப் பெயரோடு தை மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்தார்.

காரியாபட்டியிலிருந்தும் மதுரையிலிருந்தும் சொந்தங்கள் வந்து இறங்கினார்கள். பெண்களெல்லாம் நேராக உள்ளே போய் வெள்ளைத்தாயைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மாரியக்காவைக் கண்டதும் சிலர் தயங்கி நின்றார்கள். எந்த முறை வைத்துக் கட்டி அழுவது என்று தெரியாமல் தாண்டிப் போனார்கள். வெள்ளைத்தாய் உள்ளேயிருந்து ஆள்மேல் ஆள் அனுப்பிக் கூப்பிட்டுப் பார்த்தார். மாரியக்கா போகவில்லை. பந்தலில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்திலேயே நின்று வருகிறவர்களுக்கு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தனை வருடம் அவரோடு வாழ்ந்தவருக்கு வாய்விட்டு அழ ஒரு இடம் இல்லை.

சாமியாரோடு வந்திருந்த அசலூர் அம்மா ஒருவர் தண்ணீரை வாங்கிக் குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்தபடி, "நீங்க இறந்தவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

மாரியக்கா செம்பை வாங்கிக்கொண்டார்.

"அவுக சம்சாரத்துக்குத் தங்கச்சி."